புதிய பதிப்பும் பழைய உலகமும்

'விளையாட்டுதானே' என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு கடிதம் சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வந்தது. எழுதியவர் ஒரு சிறுவனின் தந்தை. அவருடைய மகனும் நண்பர்களும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் மூன்று ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய நகரம் ஒரே இரவில் சிதைந்துபோயிருந்தது. வீதிகள் இருந்தன, ஆனால், வீடுகளில் பாதியைக் காணவில்லை. அதற்குக் காரணம், முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மாலை நான் வெளியிட்ட மென்பொருள் பதிப்பு.

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் ஓய்வு நேரத்தில் பங்களிப்பவன் நான். விளையாட்டு சர்வரை கன்டெய்னருக்குள் அடைத்துத் தருவது எங்கள் பணி. கன்டெய்னர் என்பது, ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களையும் ஒரே தொகுப்பாகக் கட்டிவைக்கும் முறை. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாரந்தூக்கி கவலைப்படுவதில்லை. அதுபோல, உள்ளே இருக்கும் நிரல் எதுவானாலும் கணினி அதை ஒரே விதமாக இயக்கும். 2013-இல் டாக்கர் என்னும் மென்பொருள் வெளியானபின் இம்முறை உலகெங்கும் பரவியது. மைன்கிராஃப்ட் சர்வரை எவரும் தம் கணினியில் நடத்தலாம் என்பதால், ஆழ்ந்த கணினி அறிவு இல்லாத பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய தொகுப்புகளை நம்பியிருக்கிறார்கள்.

அன்று நான் செய்தது மிகச் சிறிய மாற்றம். எந்த விளையாட்டுப் பதிப்பு வேண்டும் என்று பயனர் குறிப்பிடாவிட்டால், ஆகப் புதியதை எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். வசதி செய்து தந்ததாகவே எண்ணினேன். அந்தத் தந்தையோ, எங்கள் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டால் தன் கணினி தானாகவே அதை ஏற்கும்படி அமைத்திருந்தார். இரவில் சர்வர் மறுபடி தொடங்கியது. புதிய விளையாட்டு பழைய உலகத்தைத் திறந்து, தன் வடிவத்துக்கு மாற்றி எழுதியது. அவர்கள் பயன்படுத்திய கூடுதல் நிரல்கள் புதிய பதிப்பில் இயங்கவில்லை. ஆகவே, அந்நிரல்களைக் கொண்டு கட்டியவை யாவும் மறைந்தன.

'பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே' என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் அறியாத சிக்கல் இருக்கிறது. கன்டெய்னர் தூக்கியெறியத்தக்கது; பழையதை நொடியில் மறுபடி நிறுவிவிடலாம். ஆனால், விளையாட்டின் உலகம் அதற்குள் இருப்பதில்லை. வெளியே தனிக் கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. புதிய பதிப்பு மாற்றி எழுதிய உலகத்தைப் பழைய பதிப்பால் முறையாகத் திறக்க இயலாது. பெட்டிக்குத் திரும்பும் வழி உண்டு, பொருளுக்கு இல்லை. அச்சிறுவர்களிடம் பத்து நாள்களுக்கு முந்தைய காப்பு நகல் இருந்ததால் நகரம் பிழைத்தது. இடைப்பட்ட பத்து நாள் உழைப்பு போனது போனதுதான்.

அப்படியானால், எதையும் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? அதுவும் ஆபத்துதான் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற மென்பொருள்கள், தம் நிகழ்வுகளைப் பதிவுசெய்ய லாக்4ஜே என்னும் சிறு நிரலைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அபாய அளவுகோலில் அதற்கு 10-க்கு 10 வழங்கப்பட்டது. மைன்கிராஃப்டும் அதற்குத் தப்பவில்லை. விளையாட்டின் உரையாடல் பெட்டியில் குறிப்பிட்ட விதமாக ஒரு வரியைத் தட்டச்சு செய்தாலே, அந்த சர்வரைத் தன்வசப்படுத்திவிட முடியும். லாக்4ஜேயைப் பராமரித்த தன்னார்வலர்கள் 2.15, 2.16, 2.17 எனச் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துத் திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது.

மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் டிசம்பர் 10-ஆம் தேதி 1.18.1 பதிப்பை வெளியிட்டு ஓட்டையை அடைத்தது. ஆனால், அதற்குச் சில நாள்கள் முன்பு, நவம்பர் 30-இல் வந்த 1.18 பதிப்பு, விளையாட்டு உலகின் உயரத்தையே 256 கட்டங்களிலிருந்து 384 ஆக உயர்த்தியிருந்தது. மலைகளும் குகைகளும் புதிதாக அமைக்கப்பட்டிருந்தன. பாதுகாப்பு வேண்டுமானால் இத்தனை மாற்றங்களையும் ஏற்றே தீர வேண்டும் என்றிருந்தால், பழைய உலகத்தை இழக்க விரும்பாதவர்கள் ஓட்டையோடேயே இருந்திருப்பார்கள். நல்லவேளையாக, பழைய பதிப்புகளில் இருப்போர் தம் அமைப்பை மட்டும் மாற்றித் தற்காத்துக்கொள்ளும் வழியையும் அந்நிறுவனம் சேர்த்தே அறிவித்தது.

மென்பொருள் வெளியீட்டை நிர்வகிப்பது என்பதன் சாரம் இதுதான் என்று கருதுகிறேன்: பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய மாற்றத்தையும் ஒரே கட்டாகக் கட்டிப் பயனரின் தலையில் ஏற்றக் கூடாது. முன்னது விரைந்து சேர வேண்டும். பின்னது அவர் விரும்பும்போது சேர வேண்டும். பதிப்பு எண்களில் மூன்று இலக்கங்கள் இருப்பதன் நோக்கமும் இதுவே. பரவலாக ஏற்கப்பட்ட மரபின்படி, கடைசி எண் உயர்ந்தால் பிழைதிருத்தம்; நடு எண் உயர்ந்தால் பழையதைக் குலைக்காத புதிய வசதி; முதல் எண் உயர்ந்தால் பழையது இயங்காமல் போகலாம் என்னும் எச்சரிக்கை. எல்லா மென்பொருள்களும் இம்மரபைப் பின்பற்றுவதில்லை என்றாலும், எண் என்பது பயனருக்குத் தரும் வாக்கு என்னும் கருத்து பொதுவானது.

கன்டெய்னர் உலகில் அந்த வாக்கை எளிதில் மீறவைப்பது 'லேட்டஸ்ட்' என்னும் பெயர்ச்சீட்டு. எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால், டாக்கர் இப்பெயருள்ள தொகுப்பையே தேடி எடுக்கும். ஆனால், அது நிலையான பதிப்பின் பெயரன்று. இன்று ஒரு தொகுப்பின் மீதும் நாளை வேறொன்றின் மீதும் ஒட்டப்படும் சீட்டு. விளையாட்டு சர்வர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் தொகுப்புக்கு ஓர் எண்; உள்ளிருக்கும் விளையாட்டுக்கு வேறோர் எண்; இரண்டையும் தாங்கும் ஜாவாவுக்கு மற்றோர் எண். மைன்கிராஃப்ட் 1.17-க்கு ஜாவா 16 தேவைப்பட்டது, 1.18-க்கு ஜாவா 17. மூன்றையும் பிரித்துக் காட்டாத வெளியீடு, மருந்தின் பெயர் இல்லாத புட்டிக்கு ஒப்பானது.

எப்போது நிறுத்துவது என்பதும் வெளியீட்டின் பகுதியே. ஒரு கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால், டாக்கர் வழக்கமாக 10 விநாடிகள் காத்திருந்து, பிறகு வலுக்கட்டாயமாக முடித்துவிடும். இணையதளத்துக்கு அது போதும். பெரிய உலகத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குப் போதாமல் போகலாம். கூகுளும் யுபிசாஃப்டும் இணைந்து 2018-இல் அறிவித்த அகோனஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இதை அழகாகக் கையாள்கிறது. புதிய பதிப்பு பரவும்போது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் சர்வர்களை அது தொடுவதில்லை. காலியாக இருப்பவற்றை மட்டும் மாற்றுகிறது. ஆட்டம் முடிந்த பிறகே பழையவை விடைபெறுகின்றன.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்கள் திட்டத்தில் நான்கு வழக்கங்களை ஏற்படுத்தினோம். பயனர் கேட்காமல் விளையாட்டின் பதிப்பு மாறாது. உலகம் புதிய வடிவத்துக்கு மாறும் முன் காப்பு நகல் எடுக்கப்படும். ஒவ்வொரு வெளியீட்டுடனும், எது மாறியது, எதற்குத் திரும்பும் வழியில்லை என்பதை எளிய மொழியில் எழுதுகிறோம். அவசரத் திருத்தம் தவிர வேறெதையும் வார இறுதியை ஒட்டி வெளியிடுவதில்லை. சிறுவர்கள் விளையாடும் நேரம் அது என்பதோடு, தவறு நேர்ந்தால் திருத்த எங்களில் எவரும் இருக்கமாட்டோம். இவற்றால் எங்கள் வேலை கூடியது என்பதை மறுக்கவில்லை. பழைய பதிப்புகளையும் சேர்த்துப் பராமரிப்பது ஊதியமற்ற தன்னார்வலர்களுக்குச் சுமைதான். அதனால், எந்தப் பதிப்பை எதுவரை பராமரிப்போம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

விளையாட்டில் இழந்தது பத்து நாள் கட்டுமானம். இன்று நம் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் நிலப்பதிவும் மென்பொருளுக்குள் இருக்கின்றன. அவற்றின் செயலிகளும் இரவோடு இரவாக மாறுகின்றன. என்ன மாறியது என்று பார்த்தால், 'சில பிழைகள் திருத்தப்பட்டன' என்ற ஒற்றை வரியே பல நேரங்களில் மிஞ்சுகிறது. எது மாறுகிறது, எப்போது மாறுகிறது, தவறினால் நம் தரவை எப்படி மீட்பார்கள் என்ற மூன்று கேள்விகளைச் சேவை தருவோரிடம் நாம் கேட்க வேண்டும். ஒரு சிறுவனின் நகரத்துக்குத் தரவேண்டிய மதிப்பை, ஒரு குடிமகனின் ஆவணத்துக்குத் தர மறுப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.