விறகடுப்புக்கு ஒரு விசிறி

ஊதுகுழலும் கையுமாக, கண்ணீர் மல்க அடுப்பெரிக்கும் தாய்மார்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். புகை என்பது எரியாமல் தப்பியோடும் விறகின் ஒரு பகுதியே. சூடான காற்றை அதனுடன் நன்கு கலந்தால் அதுவும் எரிந்து வெப்பம் தரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் துணையுடன் உருவாகி, 2006-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஊர்ஜா அடுப்பு இம்முறையில் அமைந்ததே.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறியும் ஒரு பாட்டரியும் இதற்குப் போதும். விசிறியைத் தகரப்பெட்டியில் பொருத்தி, ஒன்றரை அடி இரும்புக் குழாய் வழியே காற்றை அடுப்புக்குச் செலுத்துதல் வேண்டும். குழாயின்றி அடுப்பை ஒட்டியே பொருத்திய ஒரு வீட்டில் விசிறியின் இறகுகள் உருகிப்போனதைக் கண்டிருக்கிறேன்.

அடுப்பு இரட்டைச் சுவருடையதாயிருத்தல் அவசியம். இடைவெளியில் சூடேறும் காற்றில் சிறு பகுதி கீழ்த்துளைகள் வழியே விறகை அடைய, பெரும்பகுதி விளிம்பையொட்டிய மேல்துளைகள் வழியே பாய்ந்து புகையை எரிக்கும். கீழே மிகுதியாக ஊதினால் சாம்பல் பறந்து குழம்பில் விழும்! விறகு உலர்ந்த சிறு துண்டுகளாயிருக்கட்டும். ஈரவிறகை எவ்விசிறியாலும் திருத்த இயலாது.

விசிறி வந்துவிட்டதென்று புகைபோக்கியை அடைத்துவிடலாகாது. கண்ணுக்குப் புலப்படாத கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, நெருப்பு நன்கு எரியும்போதும் சிறிது வெளிப்படும். பாட்டரி தீர்ந்து விசிறி நின்றால் அனல் குழாய் வழியே திரும்பும். உடனே துணி சுற்றிய கையால் குழாயைக் கழற்றிவிடுக.