பங்கு பிரிக்கும் முன் மதிப்பைப் பேசுவோம்

ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று நாம் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்கள் அதைத் தீர்த்துவைத்துவிட்டன. ஆனாலும் வாரிசுகளுக்கிடையே மனக்கசப்பு வரத்தான் செய்கிறது. பல வீடுகளில் அது "யாருக்கு எத்தனை பங்கு" என்பதில் வருவதில்லை. "அந்த வீடு எவ்வளவு பெறும்" என்பதில் வருகிறது.

பங்கை அல்லாஹ் விதித்துவிட்டான். விலை போடும் வேலை மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த விலையைப் பாதியாகப் போட்டால் பங்கும் பாதியாகிவிடும். ஏட்டில் எட்டில் ஒன்று என்றிருக்கும். கைக்குப் பதினாறில் ஒன்றுதான் வந்து சேரும்.

ஒரு கணக்கு

இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. சொத்தை எட்டுப் பங்காக்கினால் மனைவிக்கு ஒன்று, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்று, மகன்களுக்கு ஆளுக்கு இரண்டு. சொத்து ஒரே வீடுதான். அதை மூத்த மகன் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகத் தருவதாகப் பேச்சு.

வீட்டின் உண்மையான விலை 80 லட்சம் என்றால் அவர் மற்றவர்களுக்குத் தர வேண்டியது 60 லட்சம். ஆளுக்கு ஒரு பங்கு உள்ள தாய்க்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் 10 லட்சம், தம்பிக்கு 20 லட்சம். அதே வீட்டுக்கு 40 லட்சம் என்று விலை போட்டால் 30 லட்சம் தந்தால் போதும். தாய்க்கு 5 லட்சம், மூன்று சகோதரிகளுக்கும் சேர்த்து 15 லட்சம், தம்பிக்கு 10 லட்சம் குறைந்துபோகிறது. பங்குக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 30 லட்சம் ரூபாய் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

வழிகாட்டி மதிப்பு விலை ஆகாது

"பதிவுத்துறையே இவ்வளவுதான் போட்டிருக்கிறது" என்று வழிகாட்டி மதிப்பைக் காட்டுவது வழக்கம். அது முத்திரைக் கட்டணம் கணக்கிடுவதற்காக அரசு தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் வைத்திருக்கும் அளவு. 2017 ஜூன் மாதம் தமிழக அரசு மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அதனால் ஒரே நாளில் நம் ஊர் மனைகள் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. சில இடங்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்கும், சில இடங்களில் பாதிகூட இருக்காது, சில இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். வாரிசுகள் பங்கிட வேண்டியது, இன்று வெளியாள் ஒருவர் வாங்கினால் என்ன தருவார் என்ற விலையைத்தான்.

மதிப்பு போடும் முறை

முதலில் அளவு. பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மனை விலை ஏறிய இடத்தில் அரை சென்ட் வித்தியாசமும் பெரிய தொகை.

அடுத்து, மனைக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியே விலை போட வேண்டும். "நாற்பது வருஷத்துப் பழைய வீடுதானே" என்று சொல்லி மொத்த விலையையும் குறைப்பது அடிக்கடி நடக்கிறது. பழையதாவது கட்டடம்தான், மனை இல்லை. கட்டடத்துக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். மனைக்கு இன்றைய விலைதான்.

மனை விலை அறிய, அதே தெருவில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று மனைகளை விசாரியுங்கள். அருகிலுள்ள புல எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டால் பதிவான விற்பனைகள் தெரியும். பத்திரத்தில் விலை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்பதால் வாங்கியவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. கடை, வாடகை வீடு என்றால் மாத வாடகையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொத்து பெரிதாக இருந்தாலோ பேச்சு ஒத்துப்போகவில்லை என்றாலோ, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவருக்கான கட்டணத்தை எல்லா வாரிசுகளும் பங்குக்கேற்ப ஏற்பதும், அறிக்கையின் நகல் எல்லோர் கைக்கும் போவதும் அவசியம். ஒருவர் மட்டும் அழைத்து வந்த ஆள் போட்ட விலையை மற்றவர்கள் நம்புவது கடினம்.

எளிய உரைகல் ஒன்றும் உண்டு. வீட்டை எடுத்துக்கொள்பவர் சொல்லும் விலைக்கே, அதை இன்னொரு வாரிசு எடுத்துக்கொள்ள அவர் சம்மதிப்பாரா? சம்மதிப்பார் என்றால் அது நேர்மையான விலை.

எந்த நாளின் விலை?

மவுத்தான அந்த நொடியிலேயே ஒவ்வொரு வாரிசும் தன் பங்குக்கு உரிமையாளர் ஆகிவிடுகிறார். பத்து வருடம் கழித்துப் பிரித்தால் இடையில் ஏறிய விலையும் எல்லோருக்கும் உரியதே. ஆகவே பிரிக்கும் நாளின் விலையைத்தான் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்து வாடகையும் அப்படியே பங்குக்கு உட்பட்டது. வீட்டில் இருந்தவர் சொந்தப் பணத்தில் மாடி கட்டியிருந்தால், வரி கட்டியிருந்தால், அந்தக் கணக்கை ஆதாரத்தோடு ஆலிமிடம் வைத்து முடிவு கேளுங்கள்.

முதலில் கழிக்க வேண்டியவை

கஃபன், அடக்கச் செலவு, பின்னர் கடன், அதன் பின் மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத். இவை போக மிஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடனே. வீடு ஒத்திக்கு விடப்பட்டிருந்தால் ஒத்திப் பணமும் இறந்தவரின் கடன். அவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபா செய்து கையில் ஒப்படைத்த சொத்து இந்தக் கணக்கில் வராது. அதுபோலவே, மகளுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையையும் சீரையும் அவளுடைய பங்கில் கழிக்க முடியாது.

"நான் கேட்கவில்லை" என்று சொல்பவர்

நம் சகோதரிகள் பலர் "அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவர்கள் உரிமை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தால்தானே அது விட்டுக்கொடுத்தல்? தன் பங்கு 10 லட்சம் என்று தெரிந்து விடுபவர் வேறு, 'ஏதோ கொஞ்சம்' என்று நினைத்து விடுபவர் வேறு. கையெழுத்து வாங்கும் முன் மதிப்பு எழுதிய தாளை அவர் கையில் கொடுங்கள். ஓரிரு நாள் யோசிக்க விடுங்கள். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் தரும் சம்மதத்தை மனமுவந்த சம்மதம் என்று சொல்ல முடியுமா?

வாரிசுகளில் சிறுவயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களின் வீடு மனையில் உள்ள பங்கைத் தாயோ சிறிய தந்தையோ கையெழுத்திட்டு விட முடியாது. அதற்கு நீதிமன்ற அனுமதி தேவை. அந்நிஸாவின் 10ஆம் வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றி எச்சரிப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எழுதி முடியுங்கள்

வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, மதிப்பு அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒப்புக்கொண்ட விலை, ஒவ்வொருவர் பங்கு, பணம் தரும் நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தினருக்கிடையிலான பாகப்பிரிவினைக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பங்குக் கணக்கை ஓர் ஆலிமிடமும் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிட்டு முடிப்பதே நல்லது. மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு பேச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெற்றவர்களை அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே, ஆவணங்கள் கையில் இருக்கும்போதே பேசி முடித்துவிட்டால், பேரப்பிள்ளைகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்காது. உரியவருக்கு உரியதைக் குறைவின்றிக் கொடுக்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.