நீண்ட பயணமும் நீட்டிய காலும்

பொங்கலோ தீபாவளியோ நெருங்கிவிட்டால் வைட்டிலா சந்திப்பில் நம்மவர் முகங்கள் நிறையத் தென்படும். 2011-ல் திறக்கப்பட்ட மொபிலிட்டி ஹப்பில் பெட்டியும் பையுமாகப் பேருந்துக்குக் காத்திருப்போர் ஒருபுறம். ரயிலில் இடம் கிடைக்காமலோ, ஊரில் நாலு இடம் போய்வர வண்டி கையில் இருக்கட்டும் என்று எண்ணியோ, மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பிவிடும் இளைஞர்கள் மறுபுறம். கோவைக்குச் சுமார் 190 கிலோமீட்டர். மதுரைக்கு என்றால் மூணாறு மலையை ஏறி, போடிமெட்டு வழியாக இறங்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்தியதும், அம்மா கொடுக்கும் காபியை வாங்கக்கூட நிமிர முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

இதற்கு மருந்தாக ‘ஹைவே பெக்’ என்னும் கூடுதல் கால்தாங்கியைப் பலர் வாங்கி மாட்டுகிறார்கள். அது நல்லதுதானா, எப்படிப் பொருத்துவது, எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதை வண்டி ஓட்டுபவரும், அவரை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவரும் தெரிந்துகொள்வது நல்லது.

கால் ஏன் மரத்துப் போகிறது?

சாதாரண மோட்டார் சைக்கிளில் கால்தாங்கி ஏறத்தாழ நம் இருக்கைக்கு நேர் கீழே இருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் நன்றாக மடங்கும். நகருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. சிக்னலில் காலை ஊன்றுகிறோம், கியர் மாற்றுகிறோம், பிரேக் மிதிக்கிறோம். கால் அசைந்துகொண்டே இருக்கிறது. நெடுஞ்சாலையில் அப்படியல்ல. ஒரே கியரில், ஒரே வேகத்தில், ஒரு மணி நேரம் கால் அசையாமல் கிடக்கும். காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிவது பெரிய உதவி. அசைவு நின்றால் அந்த உதவியும் குறைகிறது. முழங்காலும் ஒரே மடிப்பில் இறுகிப்போகிறது. ஒற்றை சிலிண்டர் இஞ்சினின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் பாதம் மரத்துப்போகும்.

ஆக, வலிக்கு முதல் காரணம் கால் மடங்கியிருப்பது மட்டுமல்ல, அசையாமல் இருப்பதும்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஹைவே பெக் என்பது என்ன?

வண்டியின் முன்பக்கம், இஞ்சினுக்கு இருபுறமும் வளைந்து நிற்கும் இரும்புக் குழாயை நாம் லெக் கார்டு அல்லது கிராஷ் கார்டு என்கிறோம். அதன் மேல் கிளாம்ப் போட்டு மாட்டும் சிறு கால்தாங்கிதான் ஹைவே பெக். காலை முன்னால் நீட்டி அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். நேராக ஓடும் நீண்ட சாலைகள் நிறைந்த அமெரிக்காவில், ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய வண்டி வைத்திருப்போரிடம் இது பழகிப்போன பொருள். நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் என்ஃபீல்டு வண்டிகளில் காணலாம். 1956-ல் சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கிய அந்தப் புல்லட் குடும்பத்து வண்டிகளுக்கு நம் ஊர்க்காரர்களிடம் உள்ள செல்வாக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2005-ல் வந்த பஜாஜ் அவெஞ்சர், 2020-ல் வந்த மீட்டியார் 350 போன்ற ‘குரூஸர்’ வகை வண்டிகளில் கால்தாங்கியே முன்னால் தள்ளி இருக்கும். ஆனால் அவற்றில் பிரேக் பெடலும் கியர் லீவரும் சேர்ந்தே முன்னால் வந்திருக்கும். கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே பிரேக்கும் இருக்கும். ஹைவே பெக் மாட்டிய வண்டியில் கால் மட்டும் முன்னால் போகிறது. பிரேக்கும் கியரும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், ஓட்டுவதில் இரண்டும் வேறு.

ஒரு வினாடிக் கணக்கு

கேரளத்தில் இருசக்கர வாகனங்களுக்கான உச்ச வேகம் 2023 ஜூலை 1 முதல் 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் ஓடிவிடும். ஹைவே பெக்கிலிருந்து காலை எடுத்து, பின்னால் கொண்டுவந்து, பெடலைத் தேடி வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிக தூரத்தைப் பின் பிரேக் இல்லாமலே கடந்திருப்போம். அரை வினாடியில் எடுத்துவிடும் சுறுசுறுப்பானவரும் 8 மீட்டருக்கு மேல் கடந்திருப்பார்.

“முன் பிரேக் கையில் இருக்கிறதே” என்று கேட்கலாம். உண்மைதான், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையதே. ஆனால் மழையில் நனைந்த சாலையிலும், மணல் சிதறிய ஓரத்திலும் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கி வண்டி சாயக்கூடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் வீட்டு வண்டி எந்த ஆண்டினது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. பள்ளமோ வேகத்தடையோ வந்தால், வழக்கமான கால்தாங்கியில் ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்வோம். அதிர்ச்சியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் நீண்டிருந்தால் அப்படி எழ முடியாது. அடி முழுவதும் நேரே இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். இரண்டாவது, லெக் கார்டின் வேலை வண்டி சாயும்போது தரையைத் தாங்கி, அதன் பின்னால் உள்ள காலுக்கு இடம் விடுவது. காலை அதற்கு வெளியே நீட்டி வைத்திருந்தால் குழாய்க்கும் சாலைக்கும் நடுவே கால் சிக்கிக்கொள்ளும். காப்பாற்ற வைத்ததே காலை நசுக்கும்.

எந்தச் சாலையில் நீட்டலாம்?

வைட்டிலாவில் மேம்பாலம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேலே ஏறியதும் சாலை காலியாகத் தெரிந்தால் காலை நீட்டத் தோன்றும். வேண்டாம். பைபாஸ் முழுவதும் இருபுறமும் வண்டிகள் நுழையும் சாலை. இடப்பள்ளி தாண்டி ஆலுவா, அங்கமாலி வரையும் அப்படியே. திருச்சூரைக் கடந்து, மண்ணுத்தியிலிருந்து வடக்கஞ்சேரி வரையுள்ள ஆறுவழிச் சாலையில்தான் முன்னும் பின்னும் வண்டியில்லாத நேரம் சற்றுக் கிடைக்கும். அங்கும் குதிரான் சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் காலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெயிலிலிருந்து உள்ளே போகும்போது கண் பழகச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்தில் கால் பிரேக்கில் இருக்க வேண்டும்.

குண்டன்னூரில் தொடங்கி மூவாற்றுப்புழை, அடிமாலி, மூணாறு வழியாக மதுரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85-ல் போகிறவர்களுக்கு மலைப்பகுதி முழுவதும் ஹைவே பெக்கால் பயனே இல்லை. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் கியரும் பிரேக்கும் ஓயாமல் வேலை கேட்கும். அங்கே காலும் மரத்துப்போவதில்லை.

சுருக்கமாக ஒரு விதி: நேரான சாலை, உலர்ந்த சாலை, வெளிச்சம், முன்னே தெளிவான இடைவெளி ஆகிய நான்கும் இருந்தால் ஐந்து நிமிடம் நீட்டலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும் கால் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஹைவே பெக் காலுக்குத் திண்ணையைப் போன்றது. சிறிது நேரம் சாய்ந்து ஆறலாம். அங்கேயே குடித்தனம் நடத்த முடியாது.

பொருத்துவோர் கவனிக்க

1. லெக் கார்டு குழாயின் விட்டத்தை வெர்னியர் வைத்து மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவுக் கிளாம்ப் வாங்க வேண்டும். பெரிய கிளாம்பை வாங்கி டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கினால் பாதி வழியில் சுழன்றுவிடும்.

2. வெல்டிங் வைக்க வேண்டாம். சூட்டில் குழாயின் முலாம் கருகிவிடும். கொச்சியின் மழைக்கு அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

3. மடங்கும் வகையே நல்லது. எதிலாவது இடித்தால் பின்னோக்கி மடிய வேண்டும். குத்திட்டு நிற்கக் கூடாது. பயன்படுத்தாதபோது மடக்கி வைக்க வேண்டும்.

4. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, உட்கார்ந்து பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். விறைத்து நீளக் கூடாது. கால் சைலன்சர் குழாயிலோ சூடான இஞ்சினிலோ படக் கூடாது. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

5. எளிதில் தளராத நைலாக் நட் போடுங்கள். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறையும், பின்னர் ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள்.

6. வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுவோர் ஹைவே பெக்கில் கால் வைக்கவே வேண்டாம். காற்றில் பறக்கும் துணி சூடான குழாயில் பட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். கழற்றி மாட்டக்கூடிய சிறு துணைப்பொருளும் வண்டியின் உருவத்தையே மாற்றுவதும் ஒன்றல்ல. ஆனாலும் சாலையில் நிறுத்திச் சோதிப்பவரிடம் வாதாடுவதைவிட, வண்டி நிறுவனமே தன் வண்டிக்கென விற்கும் பொருளை அங்கீகரிக்கப்பட்ட கடையில் மாட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஹேண்டிலின் அகலத்தைத் தாண்டி எதுவும் வெளியே நீட்டக் கூடாது.

காசில்லாத வைத்தியம்

வலிக்குக் காரணம் அசையாமல் இருப்பதுதான் என்று முதலில் பார்த்தோம். அப்படியானால் முதல் மருந்து வண்டியை நிறுத்துவது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். கோவைப் பயணத்தில் நான்கு நிறுத்தம் என்றால் கூடுவது இருபது நிமிடம்தான். ஓடும்போதே குதிகாலை ஏற்றி இறக்கினாலும் கெண்டைக்கால் வேலை செய்யும். அமுங்கிப்போன இருக்கையின் பஞ்சை மாற்றினாலே பாதி வலி போய்விடும்.

பின்னால் அமரும் மனைவியையும் பிள்ளையையும் மறக்க வேண்டாம். ஹைவே பெக் ஓட்டுபவருக்கு மட்டுமே சுகம். பின்னால் இருப்பவருக்குக் காலை நீட்ட இடமே இல்லை. அவர்களுக்காகவாவது வண்டியை நிறுத்த வேண்டும். பின் கால்தாங்கி ஆடாமல் இருக்கிறதா, சாரி கார்டு சரியாக இருக்கிறதா, அவர்கள் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஹைவே பெக் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒருமுறை, அது இல்லாமல், மணிக்கொரு தரம் நிறுத்தி ஊர் போய்வந்து பாருங்கள். அப்படியும் முழங்கால் கேட்கவில்லை என்றால், அளவெடுத்து முறையாகப் பொருத்தி, மேலே சொன்ன நான்கும் கூடிவரும் இடத்தில் மட்டும் காலை நீட்டுங்கள். பண்டிகைக்குக் கிளம்பும் அன்பர்கள் அனைவரும் நலமாக ஊர் சேர்ந்து, நலமாகவே வைட்டிலா திரும்ப வாழ்த்துகிறோம்.