தொலைபேசி நிலையங்கள் கைகுலுக்குவது எப்படி?

நாம் எண்ணை அழுத்தியதும் எதிர்முனையில் மணி அடிக்கிறது. இதற்குள் இரு தொலைபேசி நிலையங்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகின்றன! "இந்த எண்ணுக்கு அழைப்பு", "எடுத்துவிட்டார்", "வைத்துவிட்டார்" என்பன போன்ற அச்செய்திகளுக்குச் சமிக்ஞைகள் என்று பெயர். இவற்றை இன்டர்நெட் முறையில் அனுப்புவதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் எஸ்.சி.டி.பி. என்னும் விதிமுறை வெளியிடப்பட்டது.

ஏற்கெனவே டி.சி.பி. என்ற விதிமுறை இருந்ததே, அது போதாதா? அதில் மூன்று செய்திகளால் இணைப்பு உண்டாகும்: "பேசலாமா?", "பேசலாம், கேட்கிறதா?", "கேட்கிறது." ஆனால் இரண்டாவது செய்தியை அனுப்பும்போதே கணிப்பொறி தன் நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கும். பொய் முகவரிகளிலிருந்து "பேசலாமா?" என்று ஆயிரக்கணக்கில் வந்தால் என்ன ஆகும்? நினைவகம் நிரம்பிவிடும், உண்மையாக அழைப்பவருக்கு இடம் இராது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்னும் இன்டர்நெட் நிறுவனம் இத்தகைய தாக்குதலால் முடங்கியது. தொலைபேசி நிலையத்துக்கு இப்படி நேர்ந்தால் ஆம்புலன்சைக்கூட அழைக்க முடியாதல்லவா?

இதற்கு வழி என்ன? ஒரு நூலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உறுப்பினராக விரும்புவோரின் பெயரை நூலகர் உடனே பதிவேட்டில் எழுதுவதில்லை. விவரங்களை ஒரு சீட்டில் எழுதி, முத்திரையிட்டு, அவர் கொடுத்த முகவரிக்கே தபாலில் அனுப்புகிறார். சீட்டைத் திரும்பக் கொண்டு வருபவருக்கே பதிவேட்டில் இடம். பொய் முகவரி தந்தவர் கைக்குச் சீட்டுப் போய்ச் சேராது!

எஸ்.சி.டி.பி. செய்வதும் இதுவே. முதல் செய்தி, விண்ணப்பம். இரண்டாவது, முத்திரையிட்ட சீட்டு. பொறியாளர்கள் இதைக் 'குக்கி' என்பர். மூன்றாவது செய்தியில் சீட்டு அப்படியே திரும்பி வருகிறது. சரிபார்த்தபின்தான் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படும். நான்காவது செய்தி, ஒப்புதல்.

முத்திரை என்பது, நிலையம் தனக்கு மட்டுமே தெரிந்த இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்ட ஓர் எண். சீட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. சீட்டுக்குக் காலக்கெடுவும் உண்டு. வழக்கமாக 60 விநாடி. ஆகவே பழைய சீட்டைப் பிறகு காட்டிப் பயனில்லை.

செய்தி ஒன்று கூடுவதால் தாமதம் ஆகாதோ? ஆகாது. மூன்றாவது செய்தியோடு சமிக்ஞைகளையும் சேர்த்தே அனுப்பலாம்.

டி.சி.பி.க்கும் இதுபோன்ற தற்காப்பு பின்னர் வந்தது, எஸ்.சி.டி.பி.க்கோ அது பிறவிக் குணம். இன்று 4ஜி, 5ஜி செல்போன் கோபுரங்கள் தங்கள் மைய வலையமைப்போடு தொடர்பு கொள்வதும் இந்த நான்கு செய்திகளில்தான் தொடங்குகிறது.