பட்டணத்துக் குடும்ப விடுதி



வீடு உறவினர்க்கு உரியது; சத்திரம் வழிப்போக்கர்க்கு உரியது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஓர் இடம் பெருநகரங்கள் தோறும் உண்டு. அதுவே ஒரு குடும்பத்தார் தாமே நடத்தும் சிறு தங்குவிடுதி. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடியிருப்பார். மேல்தளத்தில் நாலைந்து அறைகள் வாடகைக்கு விடப்படும். கொழும்பில் இதனை லொட்ஜ் என்றே மக்கள் அழைக்கின்றனர். இத்தகைய விடுதி எவ்வாறு இயங்குகிறது, அதனைத் தேடிச் செல்வோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், அங்கே ஓர் அறை கிடைப்பதும் கிடையாமற் போவதும் ஏன் பெரிய காரியமாகின்றன என்பனவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

இதற்குக் கரவனெல்ல என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டனை நோக்கிச் செல்லும் வீதியோடு, கேகாலையிலிருந்து புளத்கொகுப்பிட்டி வழியாக வரும் வீதி வந்து சேரும் ஊர் அது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். மலை ஏற ஏறத் தேயிலை. களனிப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் பாதை 1903 ஆம் ஆண்டில் யட்டியாந்தோட்டை வரை எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அவிசாவளைக்கு அப்பால் அந்தக் கிளை மூடப்பட்டது. அன்று தொட்டு இப்பகுதித் தோட்டத்து மக்களுக்குக் கொழும்புக்குச் செல்லப் பஸ் வண்டியே பெருந்துணை.

கொழும்பு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. காலையிற் போய் மாலையில் திரும்பலாமே, அறை எதற்கு என்று கேட்கத் தோன்றும். கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். லயத்திலிருந்து பெருவீதிக்கு வர மலைச்சரிவில் நடக்க வேண்டும். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கொழும்பை அடைந்த பின்னரும் இன்னொரு பஸ் ஏற வேண்டும். இத்தனையும் முடிந்து பத்தரமுல்லையில் உள்ள கடவுச்சீட்டு அலுவலகத்தையோ, மகரகமையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையையோ சென்றடையும்போது வரிசை நீண்டுவிடும். இரத்தப் பரிசோதனை இன்று, வைத்தியரைக் காண்பது நாளை என்று சொல்லப்படுவதும் உண்டு. பத்திரத்தில் ஒரு கையொப்பம் குறைகிறது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பப்படுவதும் உண்டு.

அவ்வாறு திரும்பியவர் மறுபடி செல்லும்போது பஸ் கட்டணம் இருமடங்காகிறது. அதனோடு தோட்டத்தில் ஒருநாட் பேரும் போகிறது. விடியற்காலையிலேயே பால் வெட்டப் போக வேண்டிய தொழிலாளிக்கு அது சிறு நட்டமன்று. ஆகவே அறை வாடகையை மட்டும் தனியே எடுத்து, அது கூடுதல், குறைவு என்று சொல்லல் பொருந்தாது. இன்னொரு பயணத்தின் செலவையும் இன்னொரு நாளின் கூலியையும் அதன் எதிரே வைத்துப் பார்த்தல் வேண்டும். பல வேளைகளில் ஓரிரவு தங்குவதே சிக்கனமாகும். நோயாளியுடன் செல்வோர்க்கோ அது சிக்கனம் மட்டுமன்று, இன்றியமையாததும் ஆகும்.

வழிப்போக்கர் தங்குதற்கு இடம் அமைத்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. சிங்களக் கிராமங்களின் பாதையோரங்களில் அம்பலம் என்னும் திறந்த மண்டபங்கள் இருந்தன. தமிழர் வாழும் இடங்களில் மடமும் சத்திரமும் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘றெஸ்ற் ஹவுஸ்’ எனப்படும் வாடி வீடுகள் தோன்றின. கரவனெல்லவுக்கு அண்மையில் ருவன்வெல்லவில், பழைய கோட்டையின் வளவினுள்ளேயே அத்தகைய வாடி வீடு ஒன்று அமைந்தது. ஆயின் வாடி வீடுகளில் முதலிடம் பெற்றவர் அரசாங்க உத்தியோகத்தர். அடுத்தபடியாகத் தோட்டத் துரைமார் போன்றோர். கூடை சுமந்தவர்க்கும் பால் வெட்டியவர்க்கும் அங்கே இடமிருக்கவில்லை. அவர்கள் பட்டணத்திற்கு வந்தால் கோயில் வெளிவீதியோ, உறவினர் வேலை செய்யும் கடையின் பின்கட்டோ தங்குமிடமாயிற்று. அந்த உதவியும் இல்லாதவர்க்குக் கதவு திறந்தவை புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள சிறு விடுதிகளே.

இனி, இவ்விடுதியில் வாடகை குறைவாக இருப்பதன் காரணம் யாது? பெரிய ஹோட்டலில் வரவேற்க ஒருவர், பெட்டி தூக்க ஒருவர், அறை துடைக்க ஒருவர் என்று பலர் சம்பளத்திற்கு இருப்பர். குடும்ப விடுதியில் இத்தனை வேலையையும் வீட்டாரே பகிர்ந்து கொள்வர். தாய் சமையலைப் பார்ப்பார். தகப்பன் கணக்கை எழுதுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விரிப்புகளை மடிப்பர். அவர்களது உழைப்பு கூலியாகக் கணக்கில் ஏறுவதில்லை. அதனால் வாடகை தாழ்கிறது. மற்றொரு காரணமும் உண்டு. இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. கடையில் விற்காத அரிசி மறுநாளும் அரிசிதான். விற்காத இரவோ போனது போனதே. ஆகையால் மாலை மங்கிய வேளையில், ஆள் குறைந்த காலத்தில், வாடகையைப் பணிவோடு குறைத்துக் கேட்பதில் தவறில்லை. திருவிழாக் காலத்திலோ, பரீட்சைக் காலத்திலோ அவ்வாறு கேட்பது பயன் தராது.

விடுதியைத் தெரிவு செய்வதில் முதலாவது விதி, வேலை இருக்கும் திசையிலே தங்குதல். பஸ் நிலையம் புறக்கோட்டையில் இருக்கிறது என்பதனாலேயே யாவரும் அங்கே இறங்கி அறை தேடுகின்றனர். மகரகமை வைத்தியசாலைக்குச் செல்வோர்க்கு அது வீண் அலைச்சல். அவிசாவளையிலிருந்து ஹைலெவல் வீதி வழியாக வரும் பஸ்ஸும், களனிப் பள்ளத்தாக்கு இரயிலும் மகரகமையைக் கடந்தே நகரத்தை அடைகின்றன. அங்கேயே இறங்கி, வைத்தியசாலைக்கு அருகே இடம் விசாரித்தல் நன்று. பொரளையில் உள்ள சிறுவர் வைத்தியசாலைக்கோ, தேசிய வைத்தியசாலைக்கோ செல்வோர் மருதானை, பொரளைப் பக்கங்களில் தேடலாம்.

இரண்டாவது விதி, பையைக் கீழே வைக்குமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டு விடுதல். வாடகை அறைக்கா, ஆளுக்கா? குழந்தைக்குத் தனியே கட்டணம் உண்டா? குளியலறை அறையோடு சேர்ந்ததா, பலர்க்கும் பொதுவா? வெந்நீர் கிடைக்குமா? இரவு எத்தனை மணிக்கு வாயிற்கதவைப் பூட்டுவர்? காலையில் எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்? அதன்பின் பையை மட்டும் மாலைவரை வைத்துச் செல்லலாமா? இவற்றை முதலிலேயே பேசிக்கொண்டால் பின்னர் மனத்தாங்கல் எழாது. கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக் கொள்ளுதலும் நல்ல வழக்கம். அறையைப் பார்க்கும்போது கட்டிலையும் மின்விசிறியையும் மட்டும் பார்த்தல் போதாது. படிக்கட்டு எங்கே இருக்கிறது, தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி உண்டா, கதவின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து சரியாக விழுகிறதா என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும்.

பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிப்போக்கரின் உடைமையைத் தம் இடத்தில் ஏற்றுக்கொண்ட விடுதிக்காரர் அதனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது பண்டைய ரோமர் வகுத்த சட்டநெறி. கப்பற்காரர், விடுதிக்காரர், தொழுவக்காரர் ஆகிய மூவரையும் அவர்கள் ஒன்றாக வைத்தே அவ்விதியைச் செய்தனர். அயலூரான் அம்மூவரையும் நம்புவதன்றி வேறு வழியில்லாதவன் என்பதே அதற்குக் காரணம். அந்நெறி ரோமன் டச்சுச் சட்டத்திலும் இடம் பெற்றது. இலங்கையின் பொதுச் சட்டத்திற்கு அடிப்படை அச்சட்டமே. எனினும் வழக்குத் தொடுத்துப் பெறுவதைக் காட்டிலும் இழவாதிருத்தல் எளிது. பணமும் பத்திரங்களும் மடியிலேயே இருக்கட்டும்.

விருந்தினர்க்கும் கடமைகள் உண்டு. நாம் தங்குவது ஒரு குடும்பத்தின் கூரைக்கீழ். அடுத்த அறையில் நோயாளி இருக்கலாம். கீழே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். தொட்டித் தண்ணீர் பலர்க்கும் உரியது. திரும்ப இரவு நேரமாகும் என்றால் முன்னரே சொல்லிச் செல்லுதல் வேண்டும். “எந்தத் தோட்டம், அம்மா? ஆஸ்பத்திரிக்கா வந்தீர்கள்?” என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டால், அதனை வேவு பார்த்தலாகக் கொள்ளலாகாது. எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தப் பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடையில் படப்பிரதி எடுக்கலாம் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்தே கிடைக்கின்றன. பெரிய ஹோட்டலில் விலை கொடுத்தும் வாங்க முடியாத பொருள் அது.

இதுவரை சொன்னவை வசதி பற்றியவை. இனிச் சொல்வது உரிமை பற்றியது. விடுதியின் வாயிலில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வந்த காரணம் என்பன அதில் எழுதப்படுகின்றன. பிறர்க்கு இஃது ஒரு நிமிட வேலை. தோட்டத்து மக்கட்கோ இந்த ஒரு வரிக்குள் நெடிய வரலாறு அடங்கியிருக்கிறது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கையொப்பமான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல்தான். வீட்டு இலக்கமும் தெருப்பெயரும் இல்லாமல், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டுமே முகவரியாக எழுதி வந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே அடையாள அட்டையையும் அதன் பிரதியொன்றையும், வைத்தியசாலைச் சீட்டையோ அலுவலகக் கடிதத்தையோ கையோடு கொண்டு செல்லுதல் நலம்.

அறை மறுக்கப்படுதல் எத்துணைப் பெரிய காரியம் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று. மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் 1943 இல் மனைவியுடனும் மகளுடனும் லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துச் சென்றார். அவரது நிறத்தின் காரணமாக அவருக்கு அங்கே தொடர்ந்து தங்க இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். தக்க காரணமின்றி வழிப்போக்கரை ஏற்க மறுத்தல் விடுதிக்காரர்க்குத் தகாது என்பது இங்கிலாந்தின் பழைய சட்டநெறி. அதன்படி 1944 இல் தீர்ப்பு அவர்க்குச் சாதகமாயிற்று. கிடைத்த தொகை ஐந்து கினி மட்டுமே. ஆனால் அவர் நாடிச் சென்றது தொகையையன்று.

நம் நாட்டிலும் அத்தகைய நாள் ஒன்று வந்தது. போர் நடந்த காலத்தில், 2007 ஜூன் 7 ஆம் நாள் விடியற்காலையில், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். தங்குவதற்குத் தக்க காரணம் காட்டவில்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்திற்கும், வெளிநாட்டுப் பயணத்திற்கும், வேலைக்கும் வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடிற்று. மறுநாளே, இவ்வாறு வெளியேற்றுதலைத் தடுத்து நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அன்றைய பிரதமரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஒரு நாட்டின் குடிகள் அந்நாட்டின் தலைநகரில் ஓர் அறை எடுத்துத் தங்குதல் யாருடைய தயவுமன்று என்பதை அந்நிகழ்ச்சி எல்லார்க்கும் உணர்த்தியது.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம் பொருள். முன்பின் அறியாது புதிதாய் வருபவரே விருந்தினர். குடும்ப விடுதி பணத்திற்கு இடம் தருவது உண்மையே. ஆயினும் புதியவரை வீட்டின் கூரைக்கீழ் ஏற்றுக்கொள்ளும் அப்பழம் பண்பின் ஒரு கீற்று அதில் இன்னும் இருக்கிறது. வாங்கும் வாடகைக்குத் தூய விரிப்பும், நல்ல தண்ணீரும், உறுதியான தாழ்ப்பாளும் தருதல் விடுதிக்காரர் கடமை. கொடுத்த வாடகைக்கு மேலும் ஒரு நன்றிச் சொல் தருதல் தங்குவோர் கடமை. கரவனெல்லவிலிருந்து வரும் ஒரு தாய், மறுநாட் காலை வைத்தியசாலை வரிசையில் முதலாவதாக நிற்க முடியுமாயின், முந்திய இரவு அவளுக்குக் கிடைத்த அந்தச் சிறு அறையே அதற்குக் காரணம்.