ஊருக்குள் ஒரு காடு: அதைக் காப்பவர் யார்?

மரத்தை வெட்டத் தெரிந்தவரெல்லாம் மரத்தைக் காக்கத் தெரிந்தவர் ஆவாரா? வட அமெரிக்க நகரங்களுக்கு இக்கேள்விக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது.

காடு ஊருக்கு வெளியே இருப்பது, ஊருக்குள் இருப்பது தோட்டம் என்பதே பழைய எண்ணம். பூஞ்சணத்தால் உண்டாகிப் பட்டைவண்டுகளால் பரவும் டச்சு எல்ம் நோய் அவ்வெண்ணத்தைக் கலைத்தது. வீதிதோறும் நிழல் தந்த எல்ம் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போயின. ஒரு வீட்டார் தம் மரத்தை மட்டும் காத்துப் பயனில்லை. அடுத்த வீதியின் பட்டமரத்திலிருந்து வண்டு பறந்து வரும். அண்டை மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டியிருந்தால் அவ்வழியாகவும் நோய் செல்லும். அந்நோயை ஆராய்ந்த டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் யோர்கன்சன், நகரத்து மரங்கள் அனைத்தையும் ஒரே காடாகக் கருதிப் பேணும் துறைக்கு 1965-இல் 'நகர்ப்புற வனவியல்' என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, பெயருக்குரிய ஆள் யார்? வனக்கல்லூரியில் பயின்றவர் காட்டு மரத்தின் விளைச்சலைக் கணக்கிடக் கற்றவர். நடைபாதைக்கும் மின்கம்பிக்கும் இடையே நெருக்குண்டு நிற்கும் மரம் அவருக்குப் புதிது. கயிறு கட்டி ஏறிக் கிளை தறிப்பவர் அம்மரத்தை அறிவார். எனினும் நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேச அவரை அழைப்பாரில்லை.

1924-இல் வேறு பெயரில் தோன்றிய பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கம், 1992-இல் மர வல்லுநர் சான்றிதழை ஏற்படுத்தியது. மூன்றாண்டு முழுநேர அனுபவமோ, படிப்போடு சேர்ந்த அனுபவமோ வேண்டும், தேர்வும் உண்டு. நகராட்சி மரங்களை நிர்வகிப்போருக்குத் தனிச் சான்றும் பின்னர் வந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, மேலும் கற்றதைக் காட்டிப் புதுப்பித்தாக வேண்டும்.

சான்றிதழைவிட இப்புதுப்பித்தலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முன்னாட்களில் கிளையைத் தண்டோடு ஒட்ட அறுத்து, காயத்தின்மீது தார் பூசுவதே நல்ல வேலை எனப்பட்டது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர், மரங்களை இயந்திர ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை. மரம் அதைச் சுற்றி உள்ளே மதில் எழுப்புகிறது என்று 1977-இல் விளக்கினார். ஒட்ட அறுத்தால், கிளையின் அடியில் புடைத்து நிற்கும் வளையம் போய்விடும், மதில் வலுவிழக்கும். தாரோ அழுகலைத் தடுப்பதில்லை. ஒட்ட அறுத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், கற்றபடியே செய்தவர்கள்.

கனெக்டிகட் மாநிலத்தில் கூலிக்கு இப்பணி செய்ய அரசு உரிமம் கட்டாயம். அந்நாட்டின் பல மாநிலங்களிலோ, புயலுக்கு மறுநாள் ரம்பத்தோடு கதவைத் தட்டி 'நான் மர வல்லுநர்' என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம்.