விண்கல்லைத் தேடச் சொன்ன சட்டம்

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுமார் மூன்று வார காலம், உலக வரைபடத்தின் குறுக்கே ஒரு மெல்லிய பட்டை வரையப்பட்டிருந்தது. கிழக்கு பசிபிக் பெருங்கடலில் தொடங்கிய அது, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல் ஆகியவற்றைக் கடந்து தெற்காசியாவில் வந்து முடிந்தது. 2032 டிசம்பர் 22-ஆம் தேதி குறிப்பிட்ட ஒரு விண்கல் பூமியில் மோதுமானால், அது இப்பட்டைக்குள் எங்கேனும்தான் விழும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மும்பையும் கொல்கத்தாவும் அந்தப் பட்டையை ஒட்டியிருந்தன.

கல்லின் பெயர் 2024 ஒய்.ஆர்.4. அது மோதுவதற்கான வாய்ப்பு ஜனவரி இறுதியில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18-ஆம் தேதி 3.1 சதவீதத்தைத் தொட்டது. இந்த அளவுள்ள எந்த விண்கல்லுக்கும் அதற்கு முன் இவ்வளவு அதிக வாய்ப்பு கணக்கிடப்பட்டதில்லை. அடுத்த ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய பூஜ்யமாகக் குறைந்தது. 2032-இல் பூமிக்கு ஆபத்தில்லை என்று அறிவிக்கப்பட்டது. தலைநகரில் பட்ஜெட் விவாதங்களுக்கும் தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் முடிவுகளுக்கும் இடையே இச்செய்தி வந்த சுவடு தெரியாமல் போனது.

கவலை தீர்ந்தது சரி. ஆனால், அக்கல்லைக் கண்டுபிடித்தது யார், அதன் பாதையைக் கணக்கிட்டது யார், அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போனால், வானியலில் தொடங்கி ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அது நமது நாடாளுமன்றம் அல்ல.

கோளாகாமல் எஞ்சியவை

சூரியக் குடும்பம் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானபோது, கோள்களாகத் திரளாமல் எஞ்சிய பாறைகளே சிறுகோள்கள். நாளிதழ்கள் வழக்கமாக விண்கல் என்று எழுதுவதும் இவற்றைத்தான். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றுகின்றன. இதுவரை பட்டியலிடப்பட்டவை 14 லட்சத்துக்கும் அதிகம். எண்ணிக்கை மலைக்க வைத்தாலும், அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் நமது நிலவின் எடையில் சில சதவீதம்கூடத் தேறுவது கடினம். கவலைக்குரியவை, வியாழனின் ஈர்ப்பு விசையால் பாதை மாறி, பூமியின் பாதைக்கு அருகே வந்துவிட்ட கற்கள். இவற்றில் அறியப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025 நவம்பரில் 40 ஆயிரத்தைத் தாண்டியது.

முதல் சிறுகோளான சீரிஸ், 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு இத்தாலியின் பலேர்மோ நகரில் பியாசி என்ற வானியலாளரின் கண்ணில் பட்டது. சில வாரங்கள் பின்தொடர்ந்த பிறகு, அது சூரியனின் ஒளி வெள்ளத்துக்குள் மறைந்தது. கையிலிருந்த சொற்ப அளவீடுகளைக் கொண்டு அதன் பாதையைக் கணக்கிட்டுச் சொன்னார், அப்போது 24 வயதே நிரம்பிய ஜெர்மானியக் கணித மேதை கவுஸ். அவர் சுட்டிய இடத்துக்கு அருகிலேயே ஆண்டின் இறுதியில் சீரிஸ் மீண்டும் கிடைத்தது. கருவிகள் மாறினாலும், அடிப்படை முறை இன்றும் அதுவே.

வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் பல முறை படம் எடுக்கின்றனர். நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். இடங்காட்டும் அளவீடுகள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து உலகம் முழுவதற்கும் போகின்றன. நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் தனித்தனியே பாதையைக் கணக்கிட்டு ஒப்பிட்டுக் கொள்கின்றன.

2024 ஒய்.ஆர்.4 சிலி நாட்டில் நிறுவப்பட்டுள்ள அட்லஸ் திட்டத்தின் தொலைநோக்கியில் 2024 டிசம்பர் 27-ஆம் தேதி சிக்கியது. நாசாவின் நிதியில் இயங்கும் திட்டம் அது. தொலைநோக்கியின் விட்டம் அரை மீட்டர்தான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்கல் அதற்கு இரண்டு நாள் முன்பே பூமிக்கு மிக அருகில், சுமார் 8 லட்சம் கி.மீ. தொலைவில் கடந்து போயிருந்தது. வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள்.

ஏன் ஏறி, ஏன் இறங்கியது?

மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறி, பின்னர் திடீரென இறங்கியதை விஞ்ஞானிகளின் தடுமாற்றம் என்று பலர் எண்ணினர். அப்படியல்ல. சில நாள் அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகளுக்குப் பின் கல் எங்கிருக்கும் என்று சொன்னால், அதற்கு விடையாகக் கிடைப்பது ஒரு புள்ளியல்ல; லட்சக்கணக்கான கி.மீ. நீளமுள்ள ஒரு பரப்பு. அந்தப் பரப்புக்குள் பூமியும் இருக்கிறது. அளவீடுகள் சேரச் சேரப் பரப்பு சுருங்குகிறது. பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்குமானால், சுருங்கிய பரப்பில் பூமியின் பங்கு கூடுகிறது, வாய்ப்பும் ஏறுகிறது. மேலும் சுருங்கும்போது பூமி வெளியே விழுந்துவிட்டால் வாய்ப்பு ஒரேயடியாகச் சரிகிறது. வாக்கு எண்ணிக்கையின் முதல் இரண்டு சுற்றுகளை வைத்து ஆட்சி அமைத்துவிடும் நமது நண்பர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

அளவைக் கண்டறிவது வேறொரு சிக்கல். தொலைநோக்கியில் தெரிவது பிரதிபலித்த சூரிய ஒளி மட்டுமே. பெரிய கரித்துண்டும் சிறிய சுண்ணாம்புக் கட்டியும் தொலைவிலிருந்து ஒரே அளவு ஒளியைத் தரக்கூடும். இதனால் ஒய்.ஆர்.4-இன் அளவு 40 முதல் 90 மீட்டர் வரை என்றே முதலில் சொல்ல முடிந்தது. பாறை உமிழும் வெப்பத்தை, அதாவது அகச்சிவப்புக் கதிர்களை அளந்தால் இந்தக் குழப்பம் குறையும். 2025 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதைச் செய்து, அளவு ஏறத்தாழ 60 மீட்டர் என்று நிர்ணயித்தது. ஒரு நகரத்துக்குப் பேரழிவைத் தரப் போதுமான அளவு. 1908 ஜூன் 30-ஆம் தேதி சைபீரியாவின் துங்குஸ்காவில் 2,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்ததும் ஏறக்குறைய இத்தகைய கல்லே என்று கருதப்படுகிறது.

ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு சுழலும் வேகத்தையும், ஒளியை நிறம் பிரித்து கல்லின் கனிமங்களையும் அறிகின்றனர். ரேடார் அலைகளை அனுப்பி உருவத்தையே வரைய முடியும். இதில் முன்னணியில் இருந்த போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது பேரிழப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, நேரில் சென்று மண்ணை அள்ளி வரும் கலையை ஜப்பான் தொடங்கி வைத்தது. அமெரிக்காவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணும் கல்லும் கொண்டு வந்தது. உயிரினங்களின் புரதங்களில் காணப்படும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன.

கல்லைத் தள்ளிவிட முடியுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி நாசாவின் டார்ட் விண்கலம், டிமார்போஸ் என்ற சுமார் 160 மீட்டர் அகலமுள்ள சிறுகோள் மீது நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அச்சிறுகோள் தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிஷம் எடுத்துக் கொண்டிருந்தது; மோதலுக்குப் பின் அந்த நேரம் அரை மணிக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. ஆக, முன்கூட்டியே தெரிந்தால் திசை திருப்ப வழியுண்டு. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் கிடைக்காத சலுகை இது. ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இரு சட்டங்கள், ஒரே வாரம்

2004 டிசம்பர் 27-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அபோபிஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட, 300 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு சிறுகோள் 2029-இல் பூமியில் மோத 2.7 சதவீதம் வாய்ப்பிருப்பதாக அன்றுதான் கணக்கிடப்பட்டது. உலகம் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையிலும் இல்லை. முந்தைய நாள் காலையில்தான் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் கடலூரையும் இந்தோனேசியாவையும் இலங்கையையும் வாரிச் சுருட்டியிருந்தது. பழைய படங்களில் அபோபிஸ் பதிவாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2029 மோதல் வாய்ப்பு அன்றே நீங்கிவிட்டது.

சரியாக ஓராண்டு கழித்து இரு சட்டங்கள் பிறந்தன. ஆழிப்பேரலையின் விளைவாக இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பர் 23-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. டிசம்பர் 30-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட நாசா சட்டத்தில், மறைந்த கீழவை உறுப்பினர் ஜார்ஜ் பிரவுனின் பெயர் தாங்கிய ஒரு பகுதி இடம்பெற்றது. பூமிக்கு அருகே வரும், 140 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள கற்களில் 90 சதவீதத்தை 15 ஆண்டுகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. வானத்தைத் துழாவுமாறு ஒரு மக்கள் மன்றம் சட்டம் போட்டது அபூர்வமான செயல்தான்.

கெடு 2020-இல் முடிந்தது. கண்டுபிடிக்கப்பட்டவை மதிப்பீட்டில் பாதியைக்கூட எட்டவில்லை. கட்டளையிட்ட அவை அதற்கான பணத்தை உரிய காலத்தில் ஒதுக்கவில்லை. சட்டம் இயற்றுவதற்கும் நிதி ஒதுக்குவதற்கும் உள்ள இடைவெளியை இங்கே பல மானியக் கோரிக்கைகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வரும் கற்களையும் அகச்சிவப்பில் தேடக்கூடிய நியோ சர்வேயர் விண்கலம் 2027 செப்டம்பரை இலக்காகக் கொண்டு தயாராகிறது.

அந்தத் திசையின் அபாயத்தை ரஷியாவின் செலியாபின்ஸ்க் நகரம் அறியும். 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி காலை, சூரியனின் பக்கமிருந்து வந்த சுமார் 20 மீட்டர் கல் ஒன்று அந்நகருக்கு மேலே வெடித்துச் சிதறியது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி சுமார் 1,500 பேர் காயமடைந்தனர். எந்தத் தொலைநோக்கியும் அதை முன்னதாகப் பார்க்கவில்லை. அன்று உலகம் எதிர்பார்த்துக் காத்திருந்ததோ, முன்பே கணக்கிடப்பட்டு அருகே கடந்து சென்ற வேறொரு கல்லை! இதன் பிறகே ஐ.நா. ஆதரவில் சர்வதேச எச்சரிக்கை வலையமைப்பு உருவானது. 2025 ஜனவரியில் ஒய்.ஆர்.4 குறித்து நாடுகளுக்கு அறிவிக்கை அனுப்பியது அந்த வலையமைப்புதான்.

நமது பங்கு

சிறுகோள் ஆய்வில் இந்தியாவின் வரலாறு பழமையானது. 1861 ஏப்ரல் 17-ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1885-க்குள் மேலும் நான்கை அவர் அங்கிருந்து கண்டார். அவற்றில் ஒன்றான சில்வியாவுக்கு இரு துணைக்கோள்கள் உள்ளது 2005-இல் தெரியவந்து புகழ் பெற்றது. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து கண்டுபிடிப்பு ஏதுமில்லை. 1988 பிப்ரவரியில் அன்றைய வட ஆற்காடு மாவட்டம் காவலூர் வானாய்வு நிலையத்தில், இன்று அவ்வூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது, ஆர். ராஜமோகன் குழுவினர் அந்த மௌனத்தைக் கலைத்தனர். அச்சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

திறமைக்குப் பஞ்சமில்லை. 2020 ஆகஸ்டில் பூமியின் பரப்பிலிருந்து வெறும் 2,950 கி.மீ. உயரத்தில் கடந்த ஒரு சிறு கல்லை, கடந்த சில மணி நேரத்துக்குள் அடையாளம் கண்டவர்கள் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் இருவர். ஆனால் அவர்கள் ஆராய்ந்த படங்களை எடுத்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பாலோமர் தொலைநோக்கி. லடாக்கின் ஹான்லேயிலும், நைனிதால் அருகே தேவஸ்தலிலும் நம்மிடம் நல்ல தொலைநோக்கிகள் உண்டு. பிறர் கண்ட கற்களைப் பின்தொடர அவை உதவும். இரவுதோறும் வானம் முழுவதையும் சல்லடையிட்டுத் தேட அட்லஸ் போன்ற பெருந்திட்டம் நம்மிடம் இல்லை. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, விண்கல் மோதி உருவான 1.8 கி.மீ. அகலப் பள்ளம் என்பது உலகறிந்தது. அப்படிப்பட்ட பள்ளத்தைச் சுற்றுலாத் தலமாக மட்டுமே பார்த்து வருகிறோம்.

ஆழிப்பேரலையில் அரசு வேறு பாதையை எடுத்தது. பிறர் எச்சரிக்கைக்குக் காத்திருப்பதில்லை என்று முடிவு செய்து, 2007 அக்டோபரிலேயே ஹைதராபாதில் சொந்த எச்சரிக்கை மையத்தை அமைத்தது. விண்கல் விஷயத்தில் அத்தகைய முடிவு எடுக்கப்படவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 'பேரிடர்' என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. இயற்கையாலோ மனிதராலோ நேரும் பேரழிவு என்ற சொற்களுக்குள் விண்கல்லையும் அடக்கிவிடலாம். நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பட்டியல் அவ்வளவு தாராளமானதல்ல. 2025 பிப்ரவரியில், அதாவது மும்பை அந்தப் பட்டையை ஒட்டி இருந்தபோது, அப்பட்டியலில் 12 பேரிடர்கள் இருந்தன. பூச்சித் தாக்குதலும் கடுங்குளிரும் உண்டு, விண்கல் இல்லை.

இஸ்ரோ சற்று விழித்திருக்கிறது. விண்வெளிக் குப்பைகளையும் செயற்கைக்கோள்களையும் கண்காணிக்க நேத்ரா என்ற திட்டம் உள்ளது. 2024 ஜூலையில் பெங்களூரில் விண்கல் பாதுகாப்பு குறித்த பயிலரங்கை நடத்தியது. அபோபிஸை நெருங்கி ஆராயும் முயற்சிகளில் இந்தியாவும் இடம்பெற வேண்டும் என்று அப்போதைய தலைவர் சோமநாத் தெரிவித்தார்.

2024 ஒய்.ஆர்.4 மீண்டும் 2028 டிசம்பரில் பூமியின் பக்கம் வருகிறது. அபோபிஸ் 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி, இந்திய நேரப்படி 14-ஆம் தேதி அதிகாலை 3 மணியளவில், பூமிக்கு 32 ஆயிரம் கி.மீ. மேலே கடந்து செல்லும். நமது தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிட அது குறைவு. மோதும் ஆபத்து இல்லை. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறும் கண்ணுக்கே தெரியும். வழக்கமான அட்டவணைப்படி நடந்தால், அந்த ஏப்ரலில் இந்தியா மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்துக் கொண்டிருக்கும்.